பாடநூலில் ஒன்றிணைப்பு

ஒரு நாடு மற்றொரு நாட்டோடு சேர்ந்த கதையைப் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகின்றன. இன்ன ஆண்டில் இன்ன இராச்சியம் இணைக்கப்பட்டது என்பதே அவ்வாக்கியம். இணைத்தவர் யார், இணங்கியவர் யார், கேட்கப்படாதவர் யார் என்னும் வினாக்களுக்கு அதில் விடை இராது. செயப்பாட்டு வினையின் நிழலிலே செய்தவன் மறைந்துகொள்கிறான். மாணவனோ ஆண்டை மட்டும் மனனஞ் செய்கிறான்.

இவ்வினாக்களை எழுப்புவதற்குப் புளியந்தீவைவிடப் பொருத்தமான இடம் இலங்கையில் அரிது. மட்டக்களப்பு வாவி சூழ்ந்த இத்தீவிலே போர்த்துக்கேயர் 1628ஆம் ஆண்டு கோட்டை அமைத்தனர். பத்து ஆண்டுகளின் பின், 1638 மே 18ஆந் திகதி, ஒல்லாந்தக் கடற்படைத் தலைவரான வெஸ்டர்வோல்ட், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் படைத்துணையோடு அதனைக் கைப்பற்றினார். ஐந்து நாள் கழித்து மன்னனும் ஒல்லாந்தக் கும்பனியும் மட்டக்களப்பில் உடன்படிக்கை செய்துகொண்டனர்.

பிடிக்கப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை வைப்பது பற்றி அதில் ஒரு பிரிவு இருந்தது. மன்னன் விரும்பினால் மட்டுமே அவ்வாறு வைக்கலாம் என்னும் நிபந்தனை போர்த்துக்கேய மொழிப் பிரதியில் காணப்பட்டது. ஒல்லாந்தப் பிரதியில் அது இல்லை. 1640இல் காலிக் கோட்டை வீழ்ந்தபோது ஒல்லாந்தர் அதனைத் தம் வசமே வைத்துக்கொண்டனர். நட்பாய்த் தொடங்கிய உறவு பூசலாக முடிந்தது. சில சொற்களின் இருப்பும் இன்மையும் ஒரு கரையோரத்தின் ஆட்சியையே மாற்றக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் வேண்டுவதில்லை. ஆயினும் கூட்டணி உண்டாயிற்று என்று மட்டும் கற்கும் மாணவனுக்கு இவ்வேறுபாடு தெரிய வழியில்லை.

1766ஆம் ஆண்டு, போரில் நலிந்த கீர்த்தி சிறி இராசசிங்க மன்னன், கரையோரம் முழுவதன் மீதும் ஒல்லாந்தருக்குள்ள இறைமையை ஏற்றுக்கொண்டான். அவ்வுடன்படிக்கையின் தரப்பினர் இருவரே: மன்னனும் கும்பனியும். வாவிக்கரையில் வயல் உழுதவரும் வலை வீசியவரும் அதில் ஒரு தரப்பினர் அல்லர்.

1815 மார்ச் 2ஆந் திகதி கண்டியில் நிகழ்ந்ததும் ஆராயத்தக்கது. தேசாதிபதி பிரவுன்றிக்கும் கண்டிப் பிரதானிகளும் பன்னிரண்டு பிரிவுகள் கொண்ட உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். பௌத்த மதமும் பிரதானிகளின் உரிமைகளும் காக்கப்படும் என்று அது உறுதியளித்தது. மூன்று ஆண்டு கழியுமுன் கலகம் மூண்டது. அது அடக்கப்பட்டபின், 1818 நவம்பர் 21ஆந் திகதிப் பிரகடனம் அப்பிரதானிகளின் அதிகாரத்தைக் குறைத்தது. இணக்கத்தால் வந்ததென்று கூறப்பட்ட இணைப்பு படைபலத்தால் நிலைநிறுத்தப்பட்டது.

அடுத்து 1833 வந்தது. கோல்புறூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளின்படி கண்டிக்கெனத் தனியே இருந்த நிருவாகம் நீக்கப்பட்டு, தீவு முழுவதும் ஐந்து மாகாணங்களாக வகுக்கப்பட்டது. கரையோரத்து மட்டக்களப்பும் திருகோணமலையும், கண்டிக்குரிய விந்தனையும் தமன்கடுவையும் கிழக்கு மாகாணம் என்னும் ஒரே எல்லைக்குள் வந்தன. இதனைப் பாடநூல் நாட்டின் ஒன்றிணைப்பு என்கிறது. அது பொய்யன்று. இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் 1832இல் ஒழிந்ததும், நீதிமன்றங்கள் ஒரே அமைப்பின்கீழ் வந்ததும் மெய்யான நன்மைகளே. ஆனால் செலவைக் குறைப்பதும் கண்டியின் தனித்தன்மையைக் கரைப்பதும் அச்சீர்திருத்தத்தின் நோக்கங்களாய் இருந்தன என்பதும் அதே அளவு மெய். ஒன்றைச் சொல்லி மற்றதை விடுவது பாதி வரலாறாகும்.

இக்குறை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. இங்கிலாந்தும் இசுக்கொத்துலாந்தும் 1707இல் ஒன்றின. அயர்லாந்து 1801இல் சேர்க்கப்பட்டது. இரண்டிற்கும் பெயர் ஒன்றே. எனினும் அயர்லாந்தின் இணைப்பை ஏற்ற பாராளுமன்றத்திலே அந்நாட்டின் பெரும்பான்மையினரான கத்தோலிக்கர் உறுப்பினராக அமர முடியாதிருந்தது. அயர்லாந்தின் பெரும்பகுதி 1922இல் பிரிந்து சென்றது. இசுக்கொத்துலாந்து மக்களோ 2014ஆம் ஆண்டு நேரே வினவப்பட்டபோது, நூற்றுக்கு ஏறத்தாழ 55 பேர் ஒன்றாயிருக்கவே வாக்களித்தனர். ஒரே சொல்லுக்குள் எத்துணை வேறுபட்ட வரலாறுகள் அடங்கிக் கிடக்கின்றன!

இலங்கையில் 1980 முதல் பாடநூல்கள் இலவசமாக வழங்கப்படுகின்றன. ஒரே அமைச்சின் நூல் புளியந்தீவுப் பிள்ளைக்கும் கண்டிப் பிள்ளைக்கும் போய்ச் சேருகிறது. ஆகையால் அதில் இடம்பெறும் ஒவ்வொரு வினைச்சொல்லுக்கும் பொறுப்பு மிகுதி. சேர்ந்தது, சேர்க்கப்பட்டது, கைப்பற்றப்பட்டது, கையளிக்கப்பட்டது என்னும் நான்கும் நான்கு வேறு நிகழ்ச்சிகள். எது எங்கே பொருந்தும் என்று ஆய்ந்து எழுதுவது நூலாசிரியரின் கடமை. ஏன் பொருந்தும் என்று மாணவரைக் கேட்கத் தூண்டுவது ஆசிரியரின் கடமை.

அவ்வாறு கேட்டுப் பழகும் பிள்ளை நாட்டுப்பற்றில் குறைந்துவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. தன் முன்னோரின் இணக்கம் எங்கே பெறப்பட்டது, எங்கே பெறப்படவில்லை என்று அறிந்தவனே, இனிவரும் உடன்பாடுகளில் எவரது குரலும் விடுபடலாகாது என்று வற்புறுத்துவான்.