வீடு புதுப்பிக்க வந்த கொட்டேஷன் நியாயமா? டெல்லிவாசிகளுக்கு ஒரு அளவுகோல்

'மொத்தமா இவ்வளவு ஆகும்' என்று ஒற்றை வரியில் வரும் கொட்டேஷனைத் திருப்பி அனுப்பிடுங்க. டைல்ஸ், பூச்சு வேலை, பெயின்ட் என ஒவ்வொன்றுக்கும் அளவு, ரேட், பிராண்ட் தனித்தனியாக வேண்டும். பிறகு மத்தியப் பொதுப்பணித் துறையின் 'டெல்லி ஷெட்யூல் ஆஃப் ரேட்ஸ்' பட்டியலைப் பாருங்க. அதன் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதில் பெயின்ட், டைல்ஸ் ரேட் சதுர மீட்டருக்கு. கான்ட்ராக்டர் சொல்வதோ சதுர அடிக்கு. 10.76-ஆல் வகுத்தால்தான் ஒப்பிட முடியும். கான்ட்ராக்டரின் லாபமும் மேற்செலவுமாக 15% அந்த ரேட்டிலேயே அடக்கம்.

ஆனால் அது அரசு வேலைக்கான கணக்கு. லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடிக்கு மூட்டை சுமக்க, கூலி கொஞ்சம் கூடத்தான் செய்யும். அதற்காக இரண்டு மடங்கா? காரணம் கேளுங்க. 18% ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்பதையும் எழுதி வாங்கிடுங்க.