தொழில் காட்டிய கரங்கள்

சில ஆண்டுகளுக்கு முன்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான வாரத்தில் நிகழ்ந்தது இது. ஞாயிறு திருப்பலி முடிந்து, சக்கிறீஸ்தியில் திருவுடைகளைக் களைந்து கொண்டிருந்தேன். கையில் மதிப்பெண் பட்டியலோடு ஒரு மாணவன் வாசலில் வந்து நின்றான். தந்தை கொத்தனார், தாய் வீட்டு வேலை செய்பவர். அவன் வீட்டில் அதுவரை எவரும் பத்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. வேதியியலில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தான். “அடுத்து என்ன படிக்கலாம், சாமி?” என்று கேட்டான். பல ஆண்டுகள் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு அந்த எளிய வினாவுக்கு விடை தெரியவில்லை. “செபம் பண்ணுப்பா, ஆண்டவர் வழி காட்டுவார்” என்று சிலுவை அடையாளம் வரைந்து அனுப்பிவிட்டேன். ஆடி மாதம் அவன் தாயைச் சந்தித்தபோது, மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னார்.

எந்த வேலையும் இழிவன்று. பனியன் தைப்பதும் நேரிய உழைப்பே. ஆனால் அவன் அதைத் தேர்ந்து கொண்டு போகவில்லை; வேறொன்று உண்டெனத் தெரியாமல் போனான் என்பதே என் நெஞ்சை உறுத்தியது. நாட்டின் தலைசிறந்த வேதியியல் ஆய்வுக்கூடங்களுள் ஒன்றின் சுற்றுச்சுவரை ஒட்டியே அவன் பள்ளிக்கு மிதிவண்டியில் சென்று வந்தான். அந்தச் சுவருக்குள் என்ன நடக்கிறது என்று அவனுக்கு எவரும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

இளையோருக்குத் தொழில்வழி காட்டும் பணி புதிதாக முளைத்த ஒன்றன்று. நாம் வாழும் இந்தச் செட்டிநாட்டு மண்ணிலேயே அதற்கு நீண்ட வரலாறு உண்டு. கோட்டையூரின் அகன்ற தெருக்களில் நடந்து பாருங்கள். முகப்பும் வளவும் இரண்டாம் கட்டுமாக ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடுகள். அவற்றைத் தாங்கி நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்கள். இந்தச் செல்வத்துக்குப் பின்னால் ஒரு பயிற்சி முறை இருந்தது. நகரத்தார் குடும்பத்துச் சிறுவன் திண்ணைப் பள்ளியில் முந்திரி, காணி, மா என்ற பின்ன வாய்பாடுகளையும் வட்டிக் கணக்கையும் மனப்பாடம் செய்வான். மீசை அரும்பும் முன்னரே கப்பலேறி, பர்மாவிலோ மலேயாவிலோ இலங்கையிலோ உறவினர் ஒருவரின் கடையில் ‘பெட்டியடிப் பையன்’ ஆவான். பெட்டியடியில் அமர்ந்து ஏடு எழுதுவதைப் பார்ப்பான், சில்லறை எண்ணுவான், ஏவிய பணிகளைச் செய்வான். பின்பு ‘அடுத்தாள்’ ஆவான். திறமை இருந்தால் மேலாள் ஆகி, ஒரு நாள் கடையையே நடத்தும் ஏஜெண்டாகவும் உயர்வான். சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு செல்பவர் பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்கில் பணியாற்றி, ஐந்தொகை எடுத்து, பொறுப்பை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார்.

இந்த முறையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சிறுவனின் வருங்காலம் அவனுடைய தனிக்கவலையாக விடப்படவில்லை. அவனுக்கு முன்னால் நடந்த ஒருவர் அவன் கையைப் பற்றியிருந்தார். எந்தக் கடையில் இடம் உண்டு, எந்த முதலாளி கண்டிப்பானவர், எதை முதலில் கற்க வேண்டும் என்று அறிந்த பெரியவர்கள் சூழ்ந்திருந்தனர்.

ஆயினும் அதே முறையின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. அந்தக் கை தன் குலத்துச் சிறுவர்களை மட்டுமே பற்றியது. அந்த மாளிகைகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவனின் மகனுக்கும், தூணைச் செதுக்கியவனின் மகனுக்கும் பெட்டியடியில் இடம் இல்லை. பெண் மக்களுக்கோ எந்தக் குலத்திலும் இல்லை. 1942-இல் சப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது அந்தக் கடைகளும் குலைந்தன. கப்பல் வழி அடைபட்டது. அதனுடன் ஒரு தலைமுறையின் தொழிற்பாதையும் அடைபட்டது.

அந்தக் காலத்தில்தான் கோட்டையூர் தந்த மகன் ஒருவர் வேறு வழியைத் திறந்தார். 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் இவ்வூரில் பிறந்த அழகப்பச் செட்டியார், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கிலத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவர். இலண்டன் சென்று சட்டம் பயின்றவர். வங்கித் தொழிலிலும் பயிற்சி பெற்றவர். தம் குலத்து இளைஞர் வழக்கமாகச் செல்லும் பாதையிலிருந்து விலகி நடந்து பார்த்தவராதலால், பாதைகள் பல என்பதை அனுபவத்தில் அறிந்திருந்தார். 1947-இல் சென்னையில் நடந்த ஒரு விழாவில், அன்றைய பல்கலைக்கழகத் துணைவேந்தர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார், கல்லூரிகள் தொடங்கச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அந்த அவையிலேயே எழுந்து, காரைக்குடியில் கல்லூரி தொடங்குவதாக வாக்களித்தார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் கல்லூரி தொடங்கியும்விட்டது. மைய மின்வேதியியல் ஆய்வகம் அமைய 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்கினார். 1948 ஜூலை 25-இல் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-இல் குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். 1952-இல் பொறியியற் கல்லூரியும் வந்தது. மகளிர் கல்லூரிக்காகத் தாம் வாழ்ந்த இல்லத்தையே அவர் ஈந்தார். தம் 48-ஆவது பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்பு, 1957 ஏப்ரல் 5-இல் மறைந்தார். 1985-இல் அவர் பெயரால் பல்கலைக்கழகமே எழுந்தது.

பெட்டியடியில் ஒரு குலத்துக்கு மட்டும் இருந்த இடம், இப்போது வகுப்பறையில் எல்லோருக்குமாக விரிந்தது. கதவு திறந்துவிட்டது. ஆனால், முன்பு கையைப் பற்றி அழைத்துச் சென்ற அந்தப் பெரியவர் எங்கே? பழைய முறையில் கை இருந்தது, கதவு சிலருக்கே இருந்தது. புதிய முறையில் கதவு எல்லோருக்கும் இருக்கிறது, கைதான் குறைகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளைக்கு மாமனும் சித்தப்பாவும் வழி சொல்கிறார்கள். கொத்தனார் மகனுக்கு யார் சொல்வது?

இங்கே நம் திருச்சபையின் வரலாறு பேசத் தொடங்குகிறது. 1841 டிசம்பர் 8, அமல உற்பவ அன்னையின் திருநாள். இத்தாலியின் துரின் நகரில், புனித பிரான்சிஸ் அசிசியார் ஆலயத்தின் சக்கிறீஸ்தியில் திருப்பலிக்கு ஆயத்தமாகிக் கொண்டிருந்தார், அதே ஆண்டு குருவான தொன் போஸ்கோ. பார்த்தலோமேயு கரெல்லி என்னும் 16 வயதுச் சிறுவன் உள்ளே வந்து நின்றான். பெற்றோரை இழந்தவன், கொத்துவேலை செய்பவன். பூசைக்கு உதவத் தெரியாது என்றதும் கோயில் ஊழியர் அவனை அடித்து விரட்டினார். தொன் போஸ்கோ அவனைத் திரும்ப அழைத்தார். எழுதத் தெரியுமா, படிக்கத் தெரியுமா, பாடத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்பதே விடை. சீட்டியடிக்கத் தெரியுமா என்றதும் சிறுவன் சிரித்தான். இந்தச் சந்திப்பைத் தொன் போஸ்கோவே தம் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்துள்ளார். அந்தச் சிரிப்பிலிருந்துதான் அவருடைய பெரும்பணி பிறந்தது என்று சலேசிய சபையினர் இன்றும் போற்றுகின்றனர்.

மறைக்கல்வியோடு அவர் நின்றுவிடவில்லை. வார நாள்களில் தம் சிறுவர்கள் வேலை செய்யும் சாரங்களுக்கும் பட்டறைகளுக்கும் நேரில் சென்று பார்த்தார். வேலையற்றோருக்கு நல்ல முதலாளிகளைத் தேடினார். 1852 பிப்ரவரியில் ஒடாசோ என்னும் சிறுவனைத் தச்சு ஆசாரி ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்த்தபோது, முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதுவித்தார். ஆசாரி முறையாகத் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். சிறுவனை வாய்ச்சொல்லால் அன்றி வேறு வகையில் திருத்தலாகாது. தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது. திருநாள்களை அவனுக்கு முழுமையாக விட வேண்டும். இன்ன காலத்துக்கு இன்ன கூலி தர வேண்டும் என்று அதில் வரையறுக்கப்பட்டிருந்தது. ஆசாரியும் சிறுவனும் அவன் தந்தையும் கையொப்பமிட்டனர். தொன் போஸ்கோவும் கையொப்பமிட்டார். பயிற்சிச் சிறுவர்கள் எடுபிடி ஆள்களாக நடத்தப்பட்ட காலம் அது. ஒரு குருவின் கையெழுத்து ஓர் ஏழைச் சிறுவனின் எதிர்காலத்துக்குப் பிணையாக நின்றது. 1853-இல் செருப்புத் தைக்கும் பட்டறையும் தையற்கூடமும் அவர் இல்லத்திலேயே தொடங்கின. பின்னர் நூல் கட்டுதலும் தச்சும் அச்சும் வந்தன. அவருடைய மக்கள் 1906-இல் தஞ்சாவூரில் வந்திறங்கினர். தமிழகத்தில் சலேசியத் தொழிற்கூடங்கள் எழுந்ததற்கு அதுவே தொடக்கம்.

இன்னொருவரையும் நினைவுகூர்தல் தகும். பெல்ஜிய நாட்டின் ஜோசப் கார்டைன் குருமாணவராக விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, உடன் படித்த தோழர்கள் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் போய்விட்டிருந்தனர். அவர்கள் அவரை அந்நியராகவே பார்த்தனர். அந்த வேதனையைச் சுமந்தே குருவானவர், 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்துக்கு வடிவம் தந்தார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1891-இல் தொழிலாளர் நிலை பற்றி எழுதிய சுற்றுமடலின் ஒளி, பார்த்தல், ஆய்ந்தறிதல், செயல்படுதல் என்னும் மூன்று படிகளாக இளைஞரின் அன்றாட வாழ்வுக்குள் இறங்கியது.

இவற்றையெல்லாம் குருமடத்தில் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். இருந்தும் என் சக்கிறீஸ்தி வாசலுக்கு வந்த கரெல்லியை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. ஏன் என்று எண்ணிப் பார்த்தேன். நம் பங்குகளில் ‘அழைத்தல்’ என்ற சொல் சுருங்கிவிட்டது. அழைத்தல் ஞாயிறு, அழைத்தல் முகாம் என்றால் குருவாகவோ துறவியாகவோ செல்பவரை மட்டுமே நினைக்கிறோம். குருமடம் செல்ல விரும்பும் ஒரு சிறுவனுக்கு எத்தனை பேர் வழிகாட்டுகிறோம்! அவனுடன் படிக்கும் ஏனைய நாற்பது பேரையும் ஆண்டவர் அழைக்கவில்லையா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் திருச்சபை பற்றிய தன் ஏட்டில், பொதுநிலையினர் தங்கள் உலகத் தொழில்களின் நடுவிலேயே புனிதத்துக்கு அழைக்கப்படுகின்றனர் என்று தெளிவாகப் போதித்தது. திருத்தந்தை பிரான்சிஸ் 2019-இல் இளையோருக்கு எழுதிய ‘கிறிஸ்து வாழ்கிறார்’ என்னும் திருத்தூது ஊக்கவுரையில் தொழிலையும் அழைத்தலையும் உடன் நடத்தலையும் இணைத்தே பேசினார். அப்படியானால் மின்பணியாளர் ஆவதும் செவிலியர் ஆவதும் ஆய்வாளர் ஆவதும் அழைத்தலே. அதைக் கண்டுணர உதவுவது மேய்ப்புப் பணியின் ஒரு பகுதியே அன்றி, ஓய்வு நேரத் தொண்டு அன்று.

சிறுவன் சாமுவேல் தன்னை அழைத்த குரலை அடையாளம் காணவில்லை. கண் மங்கிய முதியவர் ஏலிதான், அது யார் குரல் என்று உணர்த்தி, எவ்வாறு விடை சொல்வது என்றும் கற்றுக்கொடுத்தார். அழைப்பவர் ஆண்டவரே, எனினும் அழைப்பைப் புரிய வைக்க ஒரு பெரியவர் தேவைப்பட்டார். “செபம் பண்ணு” என்று நான் சொன்னது தவறன்று. அத்தோடு நிறுத்திக்கொண்டதுதான் தவறு.

அதன் பிறகு எங்கள் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு, திருப்பலிக்குப் பின் ஒரு மேசை போடப்படுகிறது. ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர், செவிலியர் ஒருவர், மின்பணியாளர் ஒருவர், கல்லூரி ஆசிரியை ஒருவர் எனத் தங்கள் நேரத்தில் ஒரு மணியை ஈகின்றனர். கூலி இல்லை, மாலை மரியாதையும் இல்லை. அவர்கள் சொற்பொழிவு ஆற்றுவதில்லை. விண்ணப்பத்தின் கடைசி நாள், கல்வி உதவித்தொகைக்கு வேண்டிய சான்றிதழ்கள், தொழிற்பயிற்சி நிலையத்தில் உள்ள பிரிவுகள் ஆகியவற்றைச் சொல்கிறார்கள். தேவைப்பட்டால் முதல் நாள் கல்லூரி வாசல்வரை உடன் செல்கிறார்கள். தமிழக அரசு 2022-இல் ‘நான் முதல்வன்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி மாணவர்க்கு வழிகாட்டி வருகிறது. நல்ல முயற்சி. ஆயினும் ‘உன்னால் முடியும், வா, நானும் வருகிறேன்’ என்று சொல்ல, அறிமுகமான ஒரு முகம் வேண்டியிருக்கிறது. அந்த முகத்தைப் பங்குச் சமூகத்தால் தர இயலும். அந்த மேசைக்கு வருபவர் எந்தச் சாதி, எந்தச் சமயம் என்று நாங்கள் கேட்பதில்லை. பழைய பெட்டியடியின் குறை நம் மேசைக்கும் வந்துவிடக் கூடாது அல்லவா?

திராட்சைத் தோட்ட உவமையில் வேலையின்றி நின்றவர்களைச் சோம்பேறிகள் என்று ஆண்டவர் பழிக்கவில்லை. தங்களைக் கூப்பிட ஆளில்லை என்று அவர்கள் சொன்ன காரணத்தை நிலக்கிழார் ஏற்றுக்கொண்டார். அவர் வீட்டிலிருந்தபடி காத்திராமல், பொழுது சாயும் நேரத்திலும் சந்தைவெளிக்குத் தாமே நடந்து சென்றார் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

கடந்த கிறிஸ்து பிறப்பு விழாவுக்குத் திருப்பூரிலிருந்து அவன் ஊருக்கு வந்திருந்தான். கைவிரல்களில் ஊசித் தழும்புகள். பதினோராம் வகுப்பில் படிக்கும் தன் தங்கையை அழைத்துக்கொண்டு மேசையருகே வந்தான். “இவளுக்காவது சொல்லுங்க, சாமி” என்றான். அந்த ‘ஆவது’ என்னும் சொல்லில் எனக்கான கண்டனம் இருந்தது; அதைவிடப் பெரிய மன்னிப்பும் இருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலில் அவனை உட்காரச் சொன்னேன்.