துப்பாக்கி ஏந்துவோரின் தகுதி: விமான நிலையக் காவலும் முன்வரலாற்றுச் சோதனையின் எல்லையும்

2020 ஜனவரி 11 அன்று காஷ்மீரின் குல்காம் மாவட்டத்தில் காவல்துறை ஒரு காரை மறித்தது. ஹிஸ்புல் முஜாகிதீன் அமைப்பினரோடு அதில் இருந்தவர் ஒரு காவல் துணைக் கண்காணிப்பாளர். ஸ்ரீநகர் விமான நிலையத்தின் கடத்தல் தடுப்புப் பிரிவில் அப்போது அவருக்குப் பணி. அவர்மீதான குற்றச்சாட்டின் மெய்ம்மையை முடிவுசெய்ய வேண்டியது நீதிமன்றம். இக்கட்டுரையின் கேள்வி வேறு: விமானக் கடத்தலைத் தடுக்க அமர்த்தப்படுபவரை அரசு எப்படிச் சோதித்து அமர்த்துகிறது?

அதே ஆண்டில் ஸ்ரீநகர், ஜம்மு விமான நிலையங்களின் காவல் மத்திய தொழில் பாதுகாப்புப் படையிடம் சென்றது. 1999 டிசம்பரில் ஐசி 814 விமானம் கந்தஹாருக்குக் கடத்தப்பட்ட பின்னரும் அரசு இதே வழியைத்தான் தேர்ந்தது. 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, மாநிலக் காவல்துறையிடமிருந்து அப்படை ஒவ்வொரு நிலையமாகப் பொறுப்பேற்றது. பயிற்சியிலும் ஒழுங்கிலும் அது பெரிய முன்னேற்றம் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் படையை மாற்றியதால் சோதனை முறை மாறிவிடவில்லை.

முறையின் வேர் அரசியல் சாசனத்தில் இருக்கிறது. ஏழாம் அட்டவணைப்படி விமானங்களும் விமான நிலையங்களும் ஒன்றியப் பட்டியலில், காவல்துறை மாநிலப் பட்டியலில். விதி வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழுள்ள பாதுகாப்புப் பணியகம். துப்பாக்கியோடு நிற்பது உள்துறை அமைச்சகத்தின் படை. பிடிபட்டவரை ஒப்படைப்பதோ உள்ளூர்க் காவல் நிலையத்தில். காவலரின் முன்வரலாற்றைச் சரிபார்க்கும் கடிதமும் அவரது சொந்த ஊர்க் காவல் நிலையத்துக்கே போகிறது. அங்கே பார்ப்பது பதிவேட்டை: வழக்கு உண்டா, இல்லையா? வழக்கு இல்லாதவர் நம்பத்தக்கவர் என்ற எழுதப்படாத விதி ஒன்று இதில் ஒளிந்திருக்கிறது. ஸ்ரீநகர் அதிகாரியோ பதிவேடு எழுதும் துறையைச் சேர்ந்தவர்.

பதிவேட்டில் ஏறாத ஆபத்து இன்னொன்றும் உண்டு. 2014 அக்டோபர் 8 அன்று கல்பாக்கம் அணுமின் நிலையக் குடியிருப்பில், இதே தொழில் பாதுகாப்புப் படையின் தலைமைக் காவலர் ஒருவர் தன் சகாக்கள் மூவரைச் சுட்டுக் கொன்றார். இடம் விமான நிலையமல்ல. ஆனால் படையும், ஆயுதம் வழங்கும் ஏற்பாடும் ஒன்றே. மனம் குலைந்து வரும் ஒருவரைப் பணியில் சேர்ந்த நாளில் பெற்ற சான்று காட்டிக் கொடுக்காது. கூட இருப்பவர் சொல்லலாம், அவரே சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்பதுதான் சிக்கல். துப்பாக்கியைத் திருப்பி வாங்குவது தண்டனையாகவும், பதவி உயர்வுக்கு முட்டுக்கட்டையாகவும் அமையுமானால் எந்தக் காவலரும் வாய் திறக்க மாட்டார். ஊதியமும் பணிமூப்பும் குறையாமல் சில வாரம் ஆயுதமில்லாப் பணிக்கு மாறும் உரிமையைச் சட்டமே தர வேண்டும். என் பார்வையில், முன்வரலாற்றுச் சோதனையைக் கடுமையாக்குவதைவிட உயிர்காக்கும் சீர்திருத்தம் இதுவே.

நம்பிக்கை முடியும் நாளையும் சட்டம் கவனிக்க வேண்டும். 1987 டிசம்பர் 7 அன்று கலிஃபோர்னியாவில், முன்பே பணிநீக்கம் செய்யப்பட்டிருந்த விமான நிறுவன ஊழியர் ஒருவர், திரும்பப் பெறப்படாத அடையாள அட்டையின் துணையால் துப்பாக்கியோடு விமானமேறினார். விமானத்தில் இருந்த 43 பேரும் மாண்டனர். அதன் பிறகே பணி நீங்குவோரின் அட்டையை உடனே பறிமுதல் செய்வது அங்கே கட்டாயமாயிற்று.

சர்வதேச விமானப் போக்குவரத்து பற்றிய சிகாகோ உடன்படிக்கையின் 17ஆம் இணைப்பு, பின்னணிச் சோதனையைக் குறித்த இடைவெளியில் திரும்பச் செய்யக் கோருகிறது. இந்தியாவில் 1934ஆம் ஆண்டு விமானச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் பாதுகாப்புப் பணியகத்துக்குச் சட்டத் தகுதி அளித்தது. அச்சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஆகவே மறுசோதனையின் முழுப் பொறுப்பையும் இப்பணியகத்தின் கையில் தரலாம். உள்துறையும் மாநிலக் காவலும் தகவல் தரட்டும். தகுதி பற்றிய முடிவு ஓரிடத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

இந்த மறுசோதனை வேட்டையாடலாக மாறும் என்ற அச்சம் நியாயமானது. குல்காமில் பிடிபட்ட அதிகாரி 2021இல் அரசியல் சாசனத்தின் 311ஆம் பிரிவில் உள்ள விதிவிலக்கின்படி, விசாரணையின்றியே பணிநீக்கம் செய்யப்பட்டார். அசாதாரண நிலைக்கு வைத்த அந்த வாசல், அன்றாடச் சோதனைக்குப் பாதையாகக் கூடாது. தகுதி மறுக்கப்படும் காவலருக்குக் காரணம் எழுத்தில் தரப்பட வேண்டும். பணியகத்துக்கு வெளியே உள்ள ஒருவரிடம் முறையிடக் காலவரையறையும் வேண்டும். முறையீடு முடியும்வரை துப்பாக்கி ஆயுதக் கிடங்கில் இருக்கலாம், சம்பளம் நிற்கக் கூடாது.