செபே கோமாளி மீனின் வாழிடம்: மன்னார் வளைகுடாப் பதிவுகள் குறித்து ஒரு மறுப்பு

மன்னார் வளைகுடாவில் பவளப்பாறை அழிந்தால் கோமாளி மீனும் அழியும் என்பது நம் கடலியல் எழுத்துகளில் ஏறத்தாழ விவாதமின்றி நிலைபெற்றுவிட்ட கூற்று. 2016ஆம் ஆண்டின் வெளிறலில் உயிர்ப்பவளப் பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்குச் சரிந்தது அதற்கு மேலும் வலுச் சேர்த்தது. ஆம்ஃபிப்பிரியான் செபே என்ற இனத்துக்கு இக்கூற்று பொருந்தாது என்று கருதுகிறேன்.

செபே இயற்கையில் அண்டி வாழ்வது ஸ்டைக்கோடாக்டைலா ஹட்டோனி என்ற ஒரே கடல் சாமந்தியைத்தான். அச்சாமந்தி அடிப்பகுதியை மணலில் புதைத்து, உணர்கொம்புகள் நெருங்கிய தட்டை மணல்மட்டத்தில் விரித்துக் கிடக்கும். சீண்டினால் முழுவதுமாக மணலுக்குள் சுருங்கிவிடும். பாறைமீது அளவுநாடாவை விரித்துப் பவளத்தை அளப்பவர் கண்ணில் அது படாமல் போவதில் வியப்பில்லை.

எதிர்த்தரப்பின் முதன்மைச் சான்று, தீவுகளையொட்டிய பாறைமீன் பட்டியல்களில் செபே இடம்பெறுவது. இச்சான்றை நிதானமாகப் படிக்க வேண்டும். முதலாவதாக, இத்தகைய பட்டியல்கள் பெரும்பாலும் தீவின் பெயரைத் தருகின்றன. மீன் எதன்மேல் நின்றது என்று சொல்வதில்லை. பாறைக்கும் மணலுக்கும் சில முழ இடைவெளியே உள்ள இக்கடலில் அந்த மௌனம் பெரிய குறை. இரண்டாவதாக, இனங்காணலில் ஐயம் உண்டு. 1830இல் இலங்கை மீன்களைப் பற்றி எழுதிய பென்னட் விவரித்த கிளார்க்கி இனமும், 1853இல் பிளீக்கர் விவரித்த செபேயும் எளிதில் மயங்கக்கூடியவை. செபேயின் உடலில் வெண்பட்டைகள் இரண்டு, நடுப்பட்டை பின்சாய்ந்து முதுகுத்துடுப்பின்மேல் ஏறும், வால் மஞ்சள். கிளார்க்கிக்கு வாலடியில் மூன்றாவது பட்டை தெளிவாகத் தெரியும். கிளார்க்கி, கோமாளி மீன்கள் அண்டும் எந்தச் சாமந்தியோடும் ஒத்துப்போகும், பாறையிலும் வாழும். வாலடி தெரியாத படத்தையோ, நீருக்கடியில் நொடிப்பொழுதில் எழுதிய குறிப்பையோ நம்பிச் ‘செபே பாறையில் வாழ்கிறது’ என முடிவுகட்ட இயலாது. பட்டியல்கள் எல்லாம் பிழை என்பதல்ல என் வாதம். வாழிடத்துக்கு அவை சாட்சியாகா.

தொட்டியில் வேறு சாமந்திகளையும் செபே ஏற்கிறதே என்பர். வேறு வழியில்லாத கண்ணாடித் தொட்டியின் நடத்தை கடலுக்குச் சான்றாகாது. முட்டை பற்றிய மறுப்பு இதைவிடக் கனமானது. சாமந்தியை ஒட்டிய கெட்டியான பரப்பில்தான் பெண்மீன் முட்டையிடும். ஏறக்குறைய ஒரு வாரம் ஆண்மீன் அதைக் காக்கும். ஆகவே சிப்பியோ பவளச்சில்லோ தேவைதான். ஆனால் செத்த பவளச்சில்லே அதற்குப் போதும், உயிர்ப்பவளம் வேண்டியதில்லை.

கடல் சூடேறினால் சாமந்தியும் வெளிறும் என்பதை மறுக்கவில்லை. அதன் திசுவிலும் பாசி உண்டு. ஆயினும் அந்தக் கேடு சாமந்தியை நேரடியாகத் தாக்குவது, பவளத்தின் வழியே வருவதன்று. இழுவைமடி மணலைப் புரட்டும்போது பவள விழுக்காடு மாறாமலே செபே வீடிழக்கும். ஆறும் இதில் சேர்த்தி. வைப்பாறு சிப்பிகுளம் அருகே இவ்வளைகுடாவில்தான் மணலையும் வண்டலையும் கொண்டு சேர்க்கிறது. அணையும் மணலள்ளலும் அந்த வரத்தை மாற்றும்போது, அதன் விளைவைப் பவள அளவீட்டில் தேடிப் பயனில்லை.

1986இல் அறிவிக்கப்பட்ட தேசியப் பூங்காவின் 21 தீவுகளிலும் கணக்கெடுப்போர், பாறை விளிம்பைத் தாண்டி மணலிலும் கடற்புல்லிலும் அளவுநாடாவை விரிக்க வேண்டும். ஒவ்வொரு மீனுக்கும் அடித்தளத்தையும் சாமந்தியின் பெயரையும் குறிக்க வேண்டும்.