457 கிலோஹெர்ட்ஸ்

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் வழிகாட்டி ஓரமாக நின்றுகொண்டு எங்களை ஒவ்வொருவராகத் தன்னைக் கடந்து போகச் சொன்னார். ஒவ்வொருவருக்கும் அவர் கையிலிருந்த சின்னப் பெட்டி பீப் என்றது. என் முறை வந்தபோது சத்தமே இல்லை. ஜாக்கெட்டுக்குள் கட்டியிருந்த கருவியை நான் ஆன் செய்யவே இல்லை. சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவன். மானம் போயிற்று. அன்றிரவு அந்தக் கருவியின் கதையைத் தேட உட்கார்ந்தேன்.

பனிச்சரிவு ஓடும்போது திரவம் மாதிரி ஓடும். நின்ற கணத்தில் கான்கிரீட் மாதிரி இறுகும். உள்ளே இருப்பவரால் விரலைக்கூட அசைக்க முடியாது. அவர் விடும் மூச்சே முகத்தைச் சுற்றி உருகி, பிறகு உறைந்து, காற்றை அடைத்துவிடும். 1994இல் நேச்சர் இதழில் வந்த கணக்கு கொடூரமானது. 15 நிமிடத்தில் தோண்டியெடுத்தால் நூற்றுக்கு 92 பேர் பிழைக்கிறார்கள், 35 நிமிடம் ஆனால் 30 பேர்தான். ஊரிலிருந்து ஆள் வருவதற்குள் கதை முடிந்துவிடும். தேட வேண்டியவர் பக்கத்தில் நடந்து வந்த நண்பர்தான்.

முன்பெல்லாம் மலையேறிகள் இடுப்பில் நீண்ட சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். ஆள் எந்தப் பக்கம் என்று காட்டும் அம்புக்குறிகள் அதில் இருக்கும். கயிற்றின் ஒரு துண்டாவது மேலே தெரியாதா என்ற நம்பிக்கை. பல நேரம் அதுவும் சேர்ந்தே புதைந்தது. நாய்கள் இருந்தன. செயின்ட் பெர்னார்ட் கணவாயின் புகழ்பெற்ற பேரி 1814இல் செத்தது, அதன் பாடம் செய்த உடல் இன்றும் பெர்ன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் நாயும் கீழேயிருந்துதானே வர வேண்டும்?

1968 வாக்கில் அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஜான் லாட்டன் என்ற பொறியாளர் செய்த கருவிக்கு ஸ்காடி என்று பெயர். ஸ்காண்டிநேவியப் பனிக்காலத் தேவதையின் பெயர். அது 2.275 கிலோஹெர்ட்ஸில் துடித்தது. காதால் கேட்கக்கூடிய அதிர்வெண்! ஒரு சுருளில் விழும் காந்தப்புலத்தைப் பெருக்கி அப்படியே காதுக்குக் கொடுத்தால் போதும். எனக்கு இதில் பிடித்த விஷயம் இதுதான்: நாம் நினைக்கிற ரேடியோ அலை இல்லை இது. பக்கத்துக் காந்தப்புலம். அதன் கோடுகள் வளைந்தவை. அதனால் தேடுகிறவரும் நேராக நடக்காமல் வளைந்து வளைந்துதான் புதைந்தவரிடம் போய்ச் சேர்கிறார்.

அதே காலத்தில் சுவிட்சர்லாந்து தன் ராணுவத்துக்கு 457 கிலோஹெர்ட்ஸில் ஒன்றைச் செய்தது. பேரிவாக்ஸ். அந்த நாயின் நினைவாகத்தான் பெயர். இங்கே ஆரம்பித்தது தலைவலி. ஒன்று கூப்பிடுவது மற்றதற்குக் கேட்காது. சார்ஜர் முனை பொருந்தாததற்கே புலம்புகிறவர்கள் நாம். இங்கே பொருந்தாவிட்டால் பத்தடி தள்ளி நிற்கும் நண்பனுக்கு நீங்கள் இல்லவே இல்லை. இரண்டையும் அனுப்பும் கருவிகள் நடுவே வந்தன. 457க்குத் தூரம் அதிகம் என்று சோதனைகளில் தெரிந்தது. 1986இல் சர்வதேச மலைமீட்பு அமைப்பு அதையே பரிந்துரைத்தது. அமெரிக்கா முழுதாக மாற 1996 ஆயிற்று. மறு வருடம் வந்த டிராக்கரில் இரண்டு ஆன்டெனா, உள்ளே நம்ம ஆள் மைக்ரோபிராசசர். ஒலியளவைக் குறைத்துக் குறைத்துக் காதால் தேடும் பழைய வித்தை போய், அம்புக்குறியும் மீட்டர் கணக்கும் திரையில் வந்தன.

கருவி இருக்கிறதே என்று மனிதர்கள் துணிந்துவிட்டார்களா என்ற கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இயன் மெக்கமன் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் 715 விபத்துகளை அலசியிருக்கிறார். பழகிய சரிவில், பயிற்சி பெற்றவர்களும் பெறாதவர்களைப் போலவே நடந்துகொண்டிருக்கிறார்கள். சிக்கியவர்களில் பெரும்பாலானோருக்குச் சரிவைக் கிளப்பியது அவர்களோ கூட வந்தவர்களோதான். வரும் வழியில் மரத்திலோ பாறையிலோ மோதிச் செத்தவருக்கு எந்த அதிர்வெண்ணும் உதவாது.

இரண்டாம் முறை கடந்தபோது என் கருவி பீப் என்றது. ஆனால் நாங்கள் மேலே போகவில்லை. முந்தின இரவு காற்று பனியைக் கொண்டுவந்து குவித்திருந்தது, சரிவோ 35 டிகிரி. வழிகாட்டி காட்டுக்குள் சாய்வு குறைந்த பாதைக்கு எங்களைத் திருப்பினார். அப்போது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது.