பர்மாப் பணமும் பர்மா நூடுல்ஸும்

திருவண்ணாமலையில் நம் வீட்டு அடுப்பில் சென்ற வாரம் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பான்சிட் சமைத்துப் பார்த்தோம். அரிசி நூடுல்ஸை ஊறவைத்து, பூண்டு, வெங்காயம், முட்டைக்கோஸ், கேரட் ஆகியவற்றை வாணலியில் வதக்கி, சோயா சாறு ஊற்றிப் பிரட்டினோம். இறாலையும் இறைச்சியையும் விட்டுவிட்டோம். அவர்கள் பிழியும் கலமான்சிக்குப் பதில் நமக்கு எலுமிச்சை. வாயில் வைத்ததும் நினைவுக்கு வந்தது மணிலா அன்று. சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்தருகே தள்ளுவண்டியில் உண்ட அத்தோ.

இந்த ஒற்றுமைக்கு வரலாறு உண்டு. பான்சிட் என்பது சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து வந்த சொல். எளிதில் சமைக்கத்தக்க உணவு என்று பொருள்படும். மணிலாவில் கிறித்தவரான சீனர்களுக்கென பினோண்டோ என்னும் குடியிருப்பு 1594-இல் உருவானது. வணிகத்துக்கு வந்தவர்களின் அவசர உணவு, காலப்போக்கில் பிலிப்பைன்ஸ் மக்களின் பிறந்தநாள் உணவாயிற்று. நூல் நீண்டால் ஆயுள் நீளும் என்பது நம்பிக்கை.

அத்தோவும் புலம்பெயர்ந்தவர்களோடு வந்ததுதான். பர்மிய மொழியில் ‘அதோக்’ என்றால் பிசைந்து கலந்த உணவு. வாணலி இதற்குத் தேவையில்லை. வெந்த நூடுல்ஸில் முட்டைக்கோஸ் சீவல், பொரித்த வெங்காயம், பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் சேர்த்துக் கையால் பிசைவார்கள். உடன் ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். பர்மாவின் மொஹிங்கா என்னும் மீன் குழம்பின் சாயல் அதில் இருக்கிறது.

இதைக் கொண்டுவந்தவர்கள் யார்? பர்மாவின் நெல்வயல்களிலும் ஆலைகளிலும் துறைமுகத்திலும் உழைத்த தமிழர்கள். 1942-இல் ஜப்பானியப் படையெடுப்பின்போது லட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் மாண்டோர் பலர். எஞ்சியோரையும் திரும்பிச் சென்றோரையும் 1962-இல் ஆட்சியைப் பிடித்த நே வின் அரசு நெருக்கியது. கடைகள் நாட்டுடைமையாயின. 1964-இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாதவையாக்கப்பட்டன. ஆயுட்காலச் சேமிப்பு ஒரே நாளில் வெறுங்காகிதமாயிற்று. அந்த ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் இந்தியர் வெளியேறினர். சென்னைக்குக் கப்பலில் வந்திறங்கியவர்கள் வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியமர்ந்தனர். பர்மா பஜார் அவர்களால் உருவானது.

இங்கே நம் ஊர்க் கோயிலையும் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பர்மாவிலிருந்து அதற்கு முன்பே வேறொன்று தமிழகம் வந்திருந்தது: பணம். நாட்டுக்கோட்டை நகரத்தார் கீழ்ப் பர்மாவின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இன் பொருளாதார வீழ்ச்சியில் கடன்கள் முறிய, அடகு நிலங்கள் அவர்கள் வசமாயின. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்களது நிலப்பங்கு 1937-இல் இருபத்தைந்தானது. நிலமிழந்த பர்மிய உழவனின் கசப்பு இந்தியர் அனைவர்மீதும் திரும்பியது. கடல் கடந்த வணிகத்தில் அவர்கள் ஈட்டிய செல்வத்தின் ஒரு பகுதி சிதம்பரம், மதுரை, திருவண்ணாமலை போன்ற தலங்களின் திருப்பணிக்குச் சென்றது.

அக்கசப்பின் விலையை, கடன் கொடுத்து அறியாத கூலிகளும் சிறுகடைக்காரர்களும் சேர்ந்தே செலுத்தினார்கள். செல்வர்களின் பர்மா கல்லில் நிற்கிறது. தானம் செய்தோரின் பெயர்களைக் கல்வெட்டுகள் காக்கின்றன. வெறுங்கையோடு வந்தவர்களின் பர்மா புளியும் பூண்டும் மணக்கும் ஒரு தட்டில் இருக்கிறது. அதைப் பிசைந்த முதல் கைகளின் பெயரை எந்தக் கல்லும் சொல்லாது. இன்று உண்போரில் பலருக்கு அது வெறும் மாலைச் சிற்றுண்டி.

அடுத்த பௌர்ணமியன்று பதினான்கு கிலோமீட்டர் கிரிவலம் முடித்துப் பசியோடு வீடு திரும்பும்போது, வாணலியை ஒதுக்கிவிட்டு அத்தோவைக் கையால் பிசைவதாக இருக்கிறோம்.