இடுகுறியும் காரணக்குறியும்: மெக்சிகோ நகர மெட்ரோவின் நிலையச் சித்திரங்கள்

பொது இடங்களில் வழிகாட்டும் பலகைகளை ஆராய்வோர் மெக்சிகோ நகர மெட்ரோவை எடுத்துக்காட்டுவது, எழுத்தறியாதவரும் இறங்குமிடத்தை அறியும்படி ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு படம் தந்தது என்னும் காரணம் பற்றியே பெரும்பாலும் நிகழ்கிறது. அக்காரணம் உண்மையே ஆயினும், அவ்வடிவமைப்பின் சிறப்பில் பாதியைக்கூட அது சொல்வதில்லை. அங்கே படம் இடத்தின் பெயராகவே நிற்கிறது. ஆகவே பெயர்களைப் பற்றித் தமிழ் இலக்கணம் வகுத்த பாகுபாடே அதன் வெற்றியையும் குறையையும் அளக்கத் தக்க கருவி என்பது இக்கட்டுரையின் வாதம்.

காரணமின்றி வழங்கும் பெயரை இடுகுறி என்றும், பொருளின் இயல்பு பற்றி வந்த பெயரைக் காரணப்பெயர் என்றும் பிரித்த நம் இலக்கண நூலார், இரண்டிலும் பலவற்றுக்கு உரியதைப் பொது என்றும் ஒன்றற்கே உரியதைச் சிறப்பு என்றும் கொண்டனர். 1964 டோக்கியோ ஒலிம்பிக்குக்காகக் கட்சுமி மசாருவின் வழிகாட்டலில் உருவான சித்திரக்குறிகள், அதாவது சொல்லின் துணையின்றி உருவத்தாலேயே பொருள் உணர்த்தும் குறிகள், இவ்வகையில் காரணப் பொதுக்குறிகள். கழிப்பறையைக் காட்டும் குறி எவ்வூரிலும் ஒருதன்மையாக இருந்தால்தான் பயன்படும். நிலையத்தின் தேவையோ இதற்கு மாறானது. அதன் குறி வேறெந்த நிலையத்தின் குறியோடும் மயங்கலாகாது.

1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் இலச்சினையை வரைந்த அமெரிக்க வடிவமைப்பாளர் லான்ஸ் வைமன், 1969 செப்டம்பர் 4 அன்று முதல் தடம் திறக்கப்பட்ட மெட்ரோவுக்கு இத்தகைய காரணச் சிறப்புக்குறிகளைத் தம் குழுவினரோடு அமைத்தார். மூலைகள் வளைந்த ஒரு சதுரம், அதன் பரப்பில் தடத்துக்குரிய வண்ணம், நடுவே சில கோடுகளில் அடங்கிய ஓர் உருவம், கீழே நிலையத்தின் பெயர் என்பதே அமைப்பு. சாபுல்தெபெக் நிலையத்துக்கு வெட்டுக்கிளி குறியானது, நவாட்ல் மொழியில் அப்பெயர் வெட்டுக்கிளிக் குன்று என்று பொருள்படுவதால்; பழைய மெக்சிகோவின் ஓவியச் சுவடிகளும் அவ்விடத்தைக் குன்றின்மேல் அமர்ந்த வெட்டுக்கிளியாகவே எழுதின. சந்தைப் பகுதியான மெர்செத்துக்குப் பழப்பெட்டியும், கந்தெலாரியாவுக்கு வாத்தும் அமைந்தன. எழுத்தறியாதவருக்கான சலுகை என்று இதைச் சுருக்குவது, இடப்பெயரைப் படமாக எழுதிய ஒரு நாட்டின் எழுத்து மரபையே மறப்பதாகும்.

நாள்தோறும் பயணிப்போரில் பலர் நவாட்ல் அறியாதவர் ஆதலின் காரணம் பயனற்றது எனச் சிலர் வாதிடக்கூடும். இதற்கும் இலக்கணத்தில் விடை உண்டு. முள்ளுடைய செடிகள் பல இருக்க, முள்ளி என்பது ஒரு செடிக்கே நின்றதைக் காரண இடுகுறி என்பர். அங்கே காரணம் பெயரைப் பிறப்பிக்கிறது, வழக்கு அதை நிலைநிறுத்துகிறது. காரணம் அறியாதவரும் வெட்டுக்கிளியைக் கண்டு இறங்கிவிடுவர். அறிந்தவருக்கு அது குன்றின் வரலாற்றையும் சேர்த்துச் சொல்லும்.

தடங்களின் வண்ணமோ முழு இடுகுறி. முதல் தடம் ஏன் இளஞ்சிவப்பு என்பதற்கு அவ்விடத்தில் விடையில்லை. தடங்கள் பெருகப் பெருக வண்ணங்கள் ஒன்றையொன்று நெருங்குவதும், நிறக்குருடு உடையோர் இடர்ப்படுவதும் இயல்பே. இதைவிடப் பெரிய குறை தலைவர்களின் உருவங்களைக் குறியாக்கியதில் உள்ளது. ஹுவாரெஸ், இதால்கோ ஆகிய நிலையங்களின் குறிகள் அப்பெயருடையோரின் தலையுருவங்களே. முகத்தை முன்பே அறிந்தவருக்கன்றி அவை பேசுவதில்லை. சபாத்தாவின் உருவம் மட்டும் தன் அகன்ற தொப்பியால் தப்புகிறது. பெயருக்குரியவரின் முகத்தைவிட, இடத்துக்குரிய பொருளே நிலையக் குறிக்கு ஏற்றது என்பதை இவ்வேறுபாடு காட்டுகிறது.

இக்கொள்கையின் உச்சம் பினோ சுவாரெஸ் நிலையம். அரசியல் தலைவர் ஒருவரின் பெயரைத் தாங்கிய அந்நிலையத்துக்கு அவர் முகம் குறியாகவில்லை. 1967இல் சுரங்கம் தோண்டியபோது வெளிப்பட்ட, காற்றுக்கடவுள் எகெகாத்லுக்குரிய சிறு மேடைக்கோயிலே குறியாயிற்று. அக்கோயிலைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்லாமல், அதைச் சுற்றியே நிலையத்தைக் கட்டினர். பலகையில் கோடுகளாகக் கண்ட வட்டமேடையை, முதல் தடத்துக்கும் இரண்டாம் தடத்துக்கும் இடையே மாறிச் செல்லும் பயணி, திறந்த வானத்தின்கீழ்க் கல்லாகவே இன்றும் காண்கிறார்.